மாநகரம் வேகமாக வளர்ந்தபோது அங்கு வாழ்ந்தவர்களின் வாழ்க்கை உண்மையிலேயே உயர்ந்ததா?

நிலவரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். நகரமயமாதல் பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். மாநகரங்களின் வேகமான வளர்ச்சியால் விளைந்த கேடுகளை எழுதச் சொன்னால் மாணவர்கள் நெரிசல், புகை, குப்பை, குடிசைப்பகுதி, வற்றிப்போன நிலத்தடி நீர் என்று இரண்டு பக்கங்களை நிரப்பிவிடுகிறார்கள். நன்மைகளை எழுதச் சொன்னால் 'வேலைவாய்ப்பு பெருகும்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். அந்த வரிக்கு மேல் எனக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

1950இல் உலக மக்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் நகரங்களில் வாழ்ந்தார்கள். 2007 அளவில் அது பாதியை எட்டிவிட்டது. இத்தனை கோடிப் பேரும் ஏமாந்துபோய்த்தான் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றும் இதற்குள் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மாநகரத்தில் குடியேறியபோது, எங்கள் தெருவில் அதிகாலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும். ஐந்து மணிக்கு நின்றுவிடும். குழாய் முதலில் காற்றைத் துப்பும், பிறகு செம்மண் நிறத்தில் கலங்கல் வரும். அதைக் கீழே விட்டுவிட்டுத் தெளிந்த பிறகு குடங்களை வரிசையாக நிரப்பி முடிப்பதற்குள் விடிந்துவிடும். இன்று அதே தெருவில் அன்றிருந்ததைப்போல மூன்று மடங்கு மக்கள் வாழ்கிறார்கள். தண்ணீரோ நாள் முழுவதும் வருகிறது. மூன்று மடங்கு ஆட்கள் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்குதானே கிடைத்திருக்க வேண்டும்? ஆட்கள் கூடக்கூடக் கிடைப்பதும் எப்படிக் கூடியது?

மொத்த உற்பத்தி, தனிநபர் வருமானம் போன்ற கணக்குகள் பாடநூலிலேயே இருக்கின்றன. ஒரு வீட்டின் அன்றாடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமும் அதன் காரணமும் எனக்கு வேண்டும். துறை சார்ந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

குழாய்ப்பாதை (மறுமொழி):

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் குடிநீர்க் குழாய்ப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எனக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டுமே என்பதால், தாங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

ஒரு தெருவில் குழாய் பதிக்கும் செலவில் பெரும்பகுதி குழாய்க்கு ஆவதில்லை. சாலையை வெட்டிப் பள்ளம் தோண்டுவதற்கும், குழாயை இறக்கி இணைப்பதற்கும், மூடிச் சாலையைப் பழையபடி போடுவதற்கும் ஆகிறது. அந்தத் தெருவில் இருபது வீடுகள் இருந்தாலும் இருநூறு வீடுகள் இருந்தாலும் தோண்ட வேண்டிய பள்ளம் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அதே சரிவில் அதன் வழியே ஓடும் நீர் இரண்டு மடங்காக அன்று, ஏறத்தாழ ஆறு மடங்காகப் பெருகும். ஆகவே மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு குறைகிறது. தங்கள் தெருவில் மும்மடங்கு மக்கள் சேர்ந்தபோது, பெரிய குழாயைப் பதிப்பதற்கான பணத்தைப் பங்கிட்டுக்கொள்ள மும்மடங்கு வீடுகள் கிடைத்தன. சிதறிக் கிடக்கும் நூறு குடியிருப்புகளுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

ஆனால் இது வாய்ப்பு மட்டுமே. நகரம் வளர்ந்து, குழாய் வளராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனே சாட்சி. 1801இல் ஏறத்தாழ பத்து லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, ஐம்பது ஆண்டுகளில் இருமடங்கைத் தாண்டியது. அத்தனை பேரின் கழிவும் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அதே ஆற்றிலிருந்து குடிநீரும் எடுக்கப்பட்டது. 1848–49 காலரா ஏறத்தாழ 14,000 பேரைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் மாநகரத்தில் பிறந்த குழந்தை, நாட்டுப்புறத்தில் பிறந்த குழந்தையைவிடக் குறைந்த காலமே வாழும் என்பதுதான் நிலைமை. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த பிறகே, ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளரின் திட்டத்துக்குப் பணமும் அதிகாரமும் கிடைத்தன. ஆற்றின் இருகரைகளையும் ஒட்டிப் பெரும் பாதாளச் சாக்கடைகள் அமைந்தன. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, புதிய சாக்கடை இன்னும் எட்டாத கிழக்குப் பகுதியில்தான் பெரும்பாலானவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு லண்டனில் காலரா பெருவாரியாகப் பரவவே இல்லை. நகரமோ தொடர்ந்து பெருகிக்கொண்டே போனது.

இதைவிடத் துல்லியமான சான்று ஜெர்மனியில் இருக்கிறது. ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும் ஒட்டிப்பிறந்த ஊர்கள். இரண்டுக்கும் எல்பே ஆறுதான் நீர் கொடுத்தது. ஆல்டோனா ஆற்று நீரை மணற்படுகையில் வடிகட்டி அனுப்பியது. அதைவிடப் பெரியதும் செல்வம் மிக்கதுமான ஹாம்பர்க் வடிகட்டாமல் அனுப்பியது. 1892இல் ஹாம்பர்க்கில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காலராவில் மாண்டார்கள். இரண்டு ஊர்களின் எல்லையாக இருந்த தெருவில் ஒரு வரிசை வீடுகளில் நோய் பரவியது; எதிர்வரிசை பெரும்பாலும் தப்பியது. காற்று ஒன்று, மண் ஒன்று, நெரிசல் ஒன்று; வீட்டுக்குள் வந்த குழாய் மட்டும் வேறு.

நம் காலத்துக்கு வருவோம். கம்போடியாவின் தலைநகரான நோம் பென் 1975இல் துப்பாக்கி முனையில் காலி செய்யப்பட்ட நகரம். பிறகு மக்கள் திரும்பி வந்து நகரம் மளமளவென்று பெருகியபோது, 1993இல், குழாயில் விட்ட தண்ணீரில் 72 விழுக்காடு கணக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நகரத்தவரில் கால்வாசிப் பேருக்குத்தான் இணைப்பு இருந்தது. அவர்களுக்கும் ஒரு நாளில் பத்து மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. அவ்வாண்டு குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற ஏக் சொன் சான், வீடுவீடாகக் கணக்கெடுத்து மீட்டர் பொருத்தினார். ராணுவ உயர் அதிகாரி ஒருவரின் வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது ஏக் சொன் சான்மீது துப்பாக்கி நீட்டப்பட்டது. அவர் அந்த வீட்டின் இணைப்பையே துண்டித்துவிட்டார். பெரியவர்கள் கட்டணம் கட்டத் தொடங்கியதும் மற்றவர்களும் கட்டினார்கள். அந்தப் பணம் குழாய்களை மாற்றப் போனது. அடுத்த பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் நீரிழப்பு ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு இறங்கியது. நகரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வந்தது. ஏழைகள் தண்ணீர் விற்பவர்களிடம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய காலம் அத்தோடு முடிந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

கசிவு கண்டுபிடிக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன் என்பதால் ஒரு சிறு காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். அந்த வேலை இரவு ஒரு மணிக்கு மேல்தான் நடக்கும். தெரு அடங்கிய பிறகு, வால்வின் தலையில் நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்போம். நல்ல குழாய் மௌனமாக இருக்கும். கசியும் குழாய், அடுத்த அறையில் யாரோ மூச்சுவிடுவதுபோல 'உஸ்' என்று இழுக்கும். அடுத்த வால்வுக்குப் போய்க் கேட்டால் அந்த ஒலி கூடுகிறதா குறைகிறதா என்பது தெரியும். அதை வைத்துத் தோண்ட வேண்டிய இடத்தைக் குறிப்போம். தங்கள் தெருவில் நான்கு மணிக்குக் கண்விழிக்கும் வேலை இல்லாமல் போனதற்குப் பின்னால், அதே நேரத்தில் யாரோ பல ஆண்டுகள் கண்விழித்திருப்பார்கள். ஒரு கசிவுப் பிரிவை ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள ஒரு சிற்றூரால் முடியாது. வளர்ந்த நகரத்தால் முடியும்.

தொடர்வண்டி (மறுமொழி):

பெரியவர் குழாய்ப்பாதை எழுதியதைப் படித்த பிறகு, போக்குவரத்திலும் ஏறக்குறைய இதே கதைதான் நடக்கிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். நான் பேருந்துத் தட அட்டவணை தயாரிக்கும் பணியில் இருக்கிறேன்.

ஒரு தடத்தில் அரை மணிக்கு ஒரு பேருந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாகக் கால் மணி நேரம் காத்திருப்பார். பயணிகள் இரண்டு மடங்கானால் பேருந்துகளையும் இரண்டு மடங்காக்கலாம். அப்போது காத்திருப்பு ஏழரை நிமிடமாகக் குறையும். இதில் கவனிக்க வேண்டியது, புதிதாக வந்தவரால் பழைய பயணிக்கு நன்மை கிடைக்கிறது என்பதுதான். கடையில் வரிசை நீண்டால் நமக்கு நட்டம். பேருந்துத் தடத்தில் ஆள் கூடினால் நமக்கு ஆதாயம். ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் 1972இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியதால் எங்கள் துறையில் இதை மோரிங் விளைவு என்றே சொல்கிறோம். டோக்கியோவின் யமனோத்தே வட்டப்பாதையில் நெரிசல் நேரத்தில் இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது. அங்கே யாரும் அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 34 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்தப் பாதையில் அத்தனை ரயில்களை ஓட்ட முடிவதற்குக் காரணம், அவற்றை நிரப்பும் அளவுக்குச் சுற்றிலும் மக்கள் நெருங்கி வாழ்வதே.

ஆனால் சாலையில் தனி கார்கள் கூடினால் நேர்மாறாக நடக்கும். வருகிற ஒவ்வொரு காரும் பின்னால் வரும் கார்களைத் தாமதப்படுத்தும். ஆகவே வளர்ச்சி பயணத்தை எளிதாக்குமா, நரகமாக்குமா என்பது, சேரும் மக்களை எதில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரேசிலின் குரிச்சிபா நகரம் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த 1974ஆம் ஆண்டிலேயே, பேருந்துக்கென்று தனிப் பாதையை ஒதுக்கிவிட்டது. சுரங்க ரயிலுக்குப் பணம் இல்லாத நகரம் அது. சியோல் 2004இல் தன் பேருந்துத் தடங்களையே முழுவதும் மாற்றி அமைத்ததோடு, பேருந்திலிருந்து மெட்ரோவுக்கு மாறினாலும் கட்டணத்தை மொத்தத் தொலைவுக்கே கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. அதுவரை இரண்டு வண்டி மாறும் ஏழைத் தொழிலாளி, ஒரே வண்டியில் போகும் வசதியானவரைவிட அதிகமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு கொலம்பியாவின் மெடெயின் நகரம். 1951இல் ஏறத்தாழ மூன்றரை லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, 1973க்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. சமவெளியில் இடம் கிடைக்காதவர்கள் பள்ளத்தாக்கின் இருபக்கச் சரிவுகளிலும் வீடு கட்டிக்கொண்டார்கள். கண்ணெதிரே தெரியும் நகர மையத்துக்கு, நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, நெரிசலான சிற்றுந்துகளில் போய்ச்சேர நெடுநேரம் ஆயிற்று. அங்கே 2004இல் கம்பிவட ஊர்தி ஒன்று மெட்ரோ நிலையத்தோடு இணைக்கப்பட்டது. ஒரே பயணச்சீட்டில் மலைமேல் வீட்டிலிருந்து நகர மையம் வரை போகலாம். 2011இல் இன்னொரு சரிவில், 28 மாடிக் கட்டடத்தை ஏறுவதற்கு ஒப்பான படிகளுக்குப் பதிலாக, 384 மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டுகள் திறந்தவெளியில் அமைந்தன. சுரங்க ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும்தான் நகரும் படிக்கட்டு என்றிருந்த எண்ணத்தை மாற்றி, எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து மேலே ஏறுகிறவருக்கு அதைக் கொடுத்த நகரம் அது. வளர்ச்சியின் பலன் எங்கே போய்ச்சேர வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்தப் படிக்கட்டைத்தான் காட்டுவேன்.

ஒரு தாய் (மறுமொழி):

நான் எந்தத் துறையையும் சேர்ந்தவள் இல்லை. ஆசிரியை அன்றாடத்தில் தெரியும் மாற்றத்தைக் கேட்டதால் எழுதத் துணிந்தேன்.

என் மகனுக்கு மிக அரிதான ஒரு ரத்தக் குறைபாடு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வரக்கூடியது என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் முன்பு வாழ்ந்த சிறு நகரத்தின் மருத்துவர் நல்லவர், திறமையானவர். ஆனால் தம் வாழ்நாளில் இப்படி ஒரு குழந்தையை அவர் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகள் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். பார்த்திராத ஒன்றை எப்படி அடையாளம் காண முடியும்?

மாநகரத்துக்கு வந்தோம். முதல் நாளே, வாரந்தோறும் வியாழக்கிழமை இதே குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு புறநோயாளிப் பிரிவு நடக்கிறது என்றார்கள். காத்திருப்புக் கூடத்தில் என் மகனைப்போலவே கையில் ஊசித் தழும்புள்ள பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒவ்வொருவர் கையையும் பார்த்துவிட்டுத் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். அதுவரை அவன் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். லட்சத்தில் ஒருவர் என்றால், ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் என் மகன் தனியாள். ஒரு கோடிப் பேர் வாழும் இடத்தில் அவனைப்போல நூறு பேர். நூறு பேர் இருந்தால் ஒரு மருத்துவர் அதற்கென்றே படித்து வரலாம், மருந்தை இருப்பு வைக்கலாம், பெற்றோர் கூடிப் பேசலாம். செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் பள்ளியிலும் இதையே கேள்விப்பட்டேன். அரிதானவர்களுக்கு மாநகரம்தான் துணை சேர்த்துக் கொடுக்கிறது. நெரிசலைப் பற்றி எல்லோரும் பேசும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன்.

எல்லைக்கோடு (மறுமொழி):

மேலே எழுதிய மூவரையும் மதிக்கிறேன். அவர்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. அந்தத் தாயின் கணக்கு என் மனத்திலேயே நிற்கிறது. ஆயினும் ஆசிரியை தம் வகுப்பில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் பல நாட்டு நகரங்களை ஒப்பிட்டு 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நகரம் இரண்டு மடங்கானால் சாலையும் கம்பியும் இரண்டு மடங்கு தேவைப்படுவதில்லை, ஏறத்தாழ 15 விழுக்காடு மிச்சமாகிறது. ஒவ்வொருவரின் வருவாயும் புதுமை முயற்சிகளும் அதே அளவு கூடுகின்றன என்பது அவர்களின் முடிவு. குழாய்ப்பாதை ஐயா சொன்ன பள்ளக் கணக்குக்கு இது பொருத்தமான சான்று. ஆனால் அதே கட்டுரையில், குற்றமும் சில தொற்றுநோய்களும் அதே விகிதத்தில் கூடுவதாகவும் இருக்கிறது. மனிதர் நெருங்கினால் எல்லாமே பெருகும். நன்மையை மட்டும் பெருக்கும் நெருக்கம் என்று ஒன்று இல்லை. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் படிந்த நிலக்கரிப் புகை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தூய காற்றுச் சட்டம் 1956இல்தான் வந்தது.

என் கேள்வி வேறு. வளர்ச்சியால் வாழ்க்கை உயர்ந்தது என்றால், யாருடைய வாழ்க்கை? 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான சீனாவின் ஷென்சென், நாற்பது ஆண்டுகளில் ஒன்றே முக்கால் கோடி மக்களைக் கொண்ட மாநகரமாயிற்று. அதன் நகரப் பேருந்துகள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவை 2017க்குள் முழுவதும் மின்சாரத்துக்கு மாறின. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்நகரத்தைக் கட்டிய தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அங்கே நிரந்தரக் குடிப்பதிவு கிடைக்கவில்லை. அது இல்லாதவரின் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதும் கடினமாக இருந்தது. பலர் பிள்ளைகளை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள்.

நான் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வளர்ந்தவள். நாங்கள் இருந்த இடத்தில் பாலம் வருகிறது என்று, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நகர எல்லைக்கு வெளியே வீடு கொடுத்தார்கள். சுவர் சிமெண்ட்டுச் சுவர், உள்ளேயே கழிப்பறை. முன்பிருந்த தகரக் கொட்டகையைவிட வீடு நல்ல வீடுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு முதல் வீட்டுக்குப் போய்ச்சேரப் புதிய இடத்திலிருந்து பேருந்து இல்லை. நான்கு வீடு இரண்டானது. வீட்டின் தரம் ஏறியது, வீட்டின் வருமானம் பாதியானது. இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரில் 1961இல் புக்கிட் ஹோ சுவீயில் ஏற்பட்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அவர்களுக்கு ஓராண்டுக்குள் மாற்று வீடு கொடுத்தது. எரிந்த இடத்திலேயே பின்னர் அடுக்குமாடிகளும் எழுந்தன. இன்று அந்நாட்டுக் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் அந்தக் கழகம் கட்டிய வீடுகளில்தான் வாழ்கிறார்கள். வியன்னா 1923 முதல் 1934 வரையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சி வீடுகளை, வெளியே தள்ளாமல் நகரத்துக்குள்ளேயே கட்டியது. குழாயின் கணக்கும் பேருந்தின் கணக்கும் ஏழைக்குப் பலிக்க வேண்டுமானால், குழாயும் பேருந்தும் இருக்கிற இடத்தில் ஏழை இருக்க வேண்டும்.

நிலவரை:

நால்வருக்கும் என் உளமார்ந்த நன்றி. நேற்று வகுப்பில் ஹாம்பர்க்–ஆல்டோனா தெருவைக் கரும்பலகையில் வரைந்தேன். "ஏன் டீச்சர், பணக்கார ஊர்தானே ஹாம்பர்க்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்த இழையைத் தொடங்கியதாகத் தோன்றியது.

குழாய்ப்பாதை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மக்கள் வந்து நிறைந்த பிறகு குழாய் பதிப்பதுதான் வழக்கமா, முன்கூட்டியே செய்ய முடியாதா? எல்லைக்கோடு, உங்களிடமும் ஒன்று கேட்கலாமா? உங்கள் குடியிருப்புக்குப் பேருந்து எப்போது வந்தது?

குழாய்ப்பாதை:

முடியும் அம்மா, முன்கூட்டியே செய்வதுதான் மலிவும்கூட. வெற்று நிலத்தில் பள்ளம் தோண்டுவதற்கும், வீடுகளும் மின்கம்பிகளும் நிறைந்த சந்தில் தோண்டுவதற்கும் உள்ள செலவு வேறுபாட்டை அந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள். நியூயார்க் 1811இல், மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதி வயலும் பாறையுமாகக் கிடந்தபோதே தெருக்களைக் கோடு போட்டு வைத்துக்கொண்டது. 1842இல் க்ரோட்டன் ஆற்றிலிருந்து நீரைக் கொண்டுவந்தபோது குழாய் போகும் வழி ஏற்கெனவே இருந்தது. எல்லாத் தெருவையும் உடனே போட வேண்டியதில்லை. தெரு வரப்போகும் இடத்தை யாரும் கட்டிவிடாமல் காத்துவைத்தால்கூடப் போதும். என் பணிக்காலத்தில் பெருங்குழாய்க்கு என்று வரைபடத்தில் குறித்திருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பியிருப்பதை இரண்டு முறை கண்டேன். இரண்டு முறையும் குழாயைத்தான் வளைத்துக்கொண்டு போனோம். அந்த வளைவுக்கு அப்பால் இருக்கும் வீடுகளில் இன்றும் அழுத்தம் குறைவு.

எல்லைக்கோடு, உங்கள் அம்மாவின் இரண்டு வீடுகளைப் பற்றிப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுகுடியமர்வு இடங்களுக்கு நாங்கள் குழாய் கொடுத்திருக்கிறோம். 'இணைப்பு வழங்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கிறோம். அங்கிருந்து அவர்கள் வேலைக்கு எப்படிப் போவார்கள் என்று எங்கள் கோப்பில் கேட்க இடமே இருந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

எல்லைக்கோடு:

ஐயா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் குடியிருப்பில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் வந்தது. அதற்காக அம்மா உங்களைப் போன்றவர்களை வாழ்த்தியதை நான் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியை அவர்களுக்கு: பேருந்து ஏழாவது ஆண்டில் வந்தது. அதற்குள் எங்களைச் சுற்றி வேறு குடியிருப்புகளும் ஒரு தொழிற்பேட்டையும் வந்து, தடத்தை நிரப்பும் அளவுக்கு ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். தொடர்வண்டி அவர்கள் சொன்ன கணக்கு எங்கள் இடத்திலும் அப்படித்தான் வேலை செய்தது. முதல் பேருந்து காலை ஐந்தேகாலுக்கு என்று முந்தைய நாளே அறிவித்துவிட்டார்கள். அம்மா வழக்கம்போல மூன்றரைக்கே எழுந்து, குளித்து, எனக்கும் தம்பிக்கும் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.